ஆள் இல்லை என்று புலம்பும் குமரி முதலாளிகளுக்கு: அரசுப் பணத்தில் ஆள் பழக்குவது எப்படி

குமரி மாவட்டத்தில் தொழில் நடத்துகிற யாரிடம் பேசினாலும் முதலில் வருவது ஆள் பஞ்சம்தான். அண்டி ஆபீஸ்காரர், அதாவது முந்திரி ஆலை நடத்துபவர், பருப்பு தரம் பிரிக்கப் பழகிய பெண்கள் வயதாகி நின்றுவிட்டதைச் சொல்வார், ரப்பர் தோட்டக்காரர் பால் வெட்ட ஆளில்லாமல் மரத்தைச் சும்மா போட்டிருப்பதைச் சொல்வார், முப்பந்தல் பக்கம் காற்றாலை பராமரிப்பு எடுத்துச் செய்கிறவர் கோபுரத்தில் ஏறப் பயப்படாத பையன் இரண்டு பேர் இருந்தால் சொல்லுங்கள் என்று நம்மிடமே கேட்பார். பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறார்கள், அது உண்மைதான். ஆனால் ஆளைப் பழக்கி எடுக்க அரசிடம் பணம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, இயந்திரமும் ஓரளவு இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் பட்டறையில் வேலை பார்க்க ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற விவரம். அதை நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் யாரோ எங்கேயோ எழுதிய பாடத்தைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் சான்றிதழோடு வெளியே வருவார்கள், நீங்கள் அப்போதும் ஆள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் வேலையை எழுதுங்கள். அண்டி ஆபீசில் தரம் பிரிக்கும் மேஜையையே எடுத்துக்கொள்வோம். 'கிரேடிங் தெரிந்தவர் தேவை' என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் பாடம் நடத்த முடியாது. முழுப் பருப்பில் 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும், 240 என்றால் 220 முதல் 240 வரை, இதை எண்ணிப் பார்க்காமல் கண்ணாலேயே பிரிக்க வேண்டும். கருகியது ஒரு பக்கம், தோல் ஒட்டியது ஒரு பக்கம், பாதியும் துண்டும் தனித்தனி. முதல் மாதம் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ, மூன்றாவது மாதம் எத்தனை, கிலோவுக்கு எத்தனை தவறு வரை பொறுத்துக்கொள்ளலாம், இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். இதை முதலாளி தனியாக உட்கார்ந்து எழுதக் கூடாது, எழுதினால் 'நேர்மை, சுறுசுறுப்பு' என்றுதான் வரும். வருடக்கணக்காக அந்த மேஜையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும்.

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். உங்களுக்கு மூன்று பேர் தேவைப்படும், ஒரு பயிற்சி வகுப்போ இருபது முப்பது பேர் சேர்ந்தால்தான் ஓடும். ஒரே மாதிரித் தொழில் செய்கிற ஆறேழு பேர் சேர்ந்து, எங்களுக்கு இந்த வேலைக்கு இத்தனை பேர் தேவை, முடித்தவர்களை இந்தச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நம்ம ஊரில் இதுதான் கஷ்டமான இடம். 'நான் பழக்கிய ஆளை அவன் இழுத்துக்கொண்டான்' என்ற பழைய சண்டை எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. பயிற்சி முடிந்தவர்களை யார் எத்தனை பேர் எடுப்பது, ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். பாதி வழியில் பேசினால் கூட்டு உடையும். ஏற்கெனவே சங்கம் இருந்தால் அதன் பெயரிலேயே போகலாம், புதிதாக ஒன்று பதிவு செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடிதத்தோடு எங்கே போவது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுக் கூட்டத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், அது வேறு வகைக் காரியங்களுக்கு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட திறன் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டத்துக்கு எந்தப் பயிற்சி தேவை என்ற திட்டத்தை வகுப்பது அந்தக் குழுதான், உங்கள் தேவை அந்தத் திட்டத்தில் ஏற வேண்டும். அதற்கு நேர்வழி மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்தின் உதவி இயக்குநரைப் பார்ப்பது. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், மாவட்ட தொழில் மையம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஒரு காலைப் பொழுதில் மூன்று இடத்திலும் தலையைக் காட்டிவிடலாம்.

இனி திட்டங்கள். ஆறேழு பேரைச் சேர்க்கவே முடியாது, எனக்கு இரண்டு பேர் போதும் என்பவருக்கு அப்ரண்டிஸ்தான் வழி. அரசுக் காகிதத்தில் தொழிற்பழகுநர் என்று இருக்கும். 1961-ஆம் வருடச் சட்டம், மத்திய அரசுடையது, ஆனால் களத்தில் உங்களோடு பேசப்போவது மாநிலத்தின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும். 80 பேர் வேலை பார்க்கும் மீன்வலைக் கம்பெனி என்றால் குறைந்தது 2 பேர், அதிகபட்சம் 12 பேர். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடத்துக்குக் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் வைக்கலாம். கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 ரூபாய்க்கு மிகாமல், தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தருகிறது. அந்தப் பணம் இப்போது நேராகப் பிள்ளையின் கணக்குக்கே போகிறது, அதனால் சேரும் நாளிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கா என்று பார்த்துவிடுங்கள்.

சிறு முதலாளிகள் பலர் கவனிக்காத ஒரு கதவு இதில் இருக்கிறது. ஃபிட்டர், வெல்டர் போன்ற பட்டியலில் உள்ள தொழில்களுக்குப் பாடத்திட்டம் அரசுடையது. 2014 திருத்தத்துக்குப் பிறகு 'ஆப்ஷனல் டிரேட்' என்ற வகை வந்தது, அதில் பாடத்திட்டத்தை நிறுவனமே எழுதலாம், காலம் 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரை. மேஜை அக்காவோடு எழுதிய அந்த இரண்டு பக்கம் இங்கேதான் கைகொடுக்கும். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு வேறு திட்டம், அதைச் சென்னையில் உள்ள மத்திய அரசின் பயிற்சி வாரியம் நடத்துகிறது. இன்ஜினியரிங் கல்லூரி இத்தனை இருக்கிற மாவட்டத்தில் அதையும் கேட்டு வைக்கலாம்.

அப்ரண்டிஸ் என்றால் சம்பளமில்லாத எடுபிடி என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம். சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை, ஆனால் தொழிற்சாலையின் பாதுகாப்பு, சுகாதார விதிகள் அவருக்கும் பொருந்தும், விபத்து நடந்தால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. காற்றாலையிலும் வெல்டிங்கிலும் இது சின்ன விஷயம் இல்லை.

இயந்திர வேலைக்கு ஆள் தேவைப்படுகிறவர்கள் ஐடிஐ முதல்வரோடு இரட்டைப் பயிற்சி முறை பற்றிப் பேச வேண்டும். ஐடிஐயும் நிறுவனமும் ஒப்பந்தம் போடும், பாடம் ஐடிஐயில், கைவேலை உங்கள் பட்டறையில். ஒரு வருடப் படிப்பு என்றால் 3 முதல் 6 மாதம் வரை உங்களிடம் இருப்பார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் ஆளை எடுப்பதற்கு முன்பே அவன் கை எப்படி என்று தெரிந்துவிடும், அவனுக்கும் உங்கள் குணம் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்தில் உள்ள ஐடிஐயில் என்ன இயந்திரம் இருக்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சில அரசு ஐடிஐகளில் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரே தொழில்துறை ஆள்தான், உள்ளூர்த் தொழில் நடத்துபவர்களுக்கும் அதில் இடம் உண்டு. வருடத்துக்கு நாலு கூட்டம் என்று அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தால் என்ன பாடம் ஓட வேண்டும் என்பதில் உங்கள் குரலும் இருக்கும்.

இருபது முப்பது பேரைச் சேர்த்துவிட்டால் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தை நடத்துவதும் இவர்கள்தான். குறுகிய காலப் பயிற்சிக்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் தருவார்கள், சொந்தமாகப் பயிற்சி இடம் உள்ள நிறுவனமே பயிற்சி நடத்தவும் வழி உண்டு. பணம் தவணையாக வரும், கடைசித் தவணை எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வருகைப்பதிவு சரியில்லை என்றால் பணம் நிற்கும். இந்தக் கணக்கைப் பார்க்கவென்றே ஒருவரை ஒதுக்குங்கள், மேஸ்திரியிடம் தள்ளிவிடாதீர்கள்.

மாநில அரசு இப்படிக் கைகொடுப்பது மற்ற இடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலம் 2007-ல் ஓர் அப்ரண்டிசுக்கு வருடத்துக்கு 1000 டாலர் வரிச்சலுகையோடு தொடங்கி, பாடத்திட்டம் எழுதவும் படிவம் நிரப்பவும் நிறுவனத்துக்கே இலவசமாக ஆளையும் அனுப்பியது. இங்கே பணம் உண்டு, வீடு தேடி வரும் ஆள்தான் இல்லை. ஆகவே காகிதத்தை நீங்களே சரியாக வைத்திருங்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்று, பான், ஜிஎஸ்டி எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல இருக்கட்டும், ஒன்றில் 'அண்ட் கோ' இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால்கூட திட்டத்துக்குப் பதிவு செய்யும் இணையதளத்தில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாகச் சம்பளம். அரசு பயிற்சிக்குத்தான் பணம் தரும், அதன் பிறகு ஆளை நிறுத்திவைப்பது உங்கள் பாடு. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கூலி கூடுதல் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூலியை அப்படியே கொடுக்க முடியாவிட்டாலும் பயண நேரமும் பஸ் காசும் மிச்சம் என்கிற அளவுக்காவது நெருங்க வேண்டும். பெண்கள் அதிகம் வரும் வேலை என்றால் சாயந்திரம் கடைசி பஸ்ஸுக்கு முன் விடுவீர்களா, இல்லை வண்டி ஏற்பாடு உண்டா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். பயிற்சிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் பேசும்போது முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.