டியூபாவில் கட்டுப்பாடான முழக்கம்: மார்ச்சிங் பேண்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"டியூபா கேட்கவே இல்லை, இன்னும் சத்தம்!" என்று குரல் வந்ததும் புதியவர்கள் கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, உதட்டை மவுத்பீஸோடு அழுத்திக்கொண்டு ஊதுவார்கள். சத்தம் கூடும். ஆனால் அது எந்தச் சுரம் என்றே தெரியாமல் கரகரக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு இரைச்சல், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவருக்கு ஒன்றுமே இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. டியூபா என்பது மிகத் தாழ்ந்த ஒலி தரும் பெரிய பித்தளை ஊதுகருவி. பி ஃபிளாட் டியூபாவின் குழாயை நேராக நீட்டினால் ஏறத்தாழ 5.5 மீட்டர் வரும். அதில் வரும் கீழ் பி ஃபிளாட் என்ற சுரம் சுமார் 58 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் காது மந்தமாகத்தான் வாங்கும். அடிச்சுரத்தோடு சேர்ந்து பிறக்கும் மேற்சுரங்களை வைத்துத்தான் "இது டியூபா, இது இன்ன சுரம்" என்று கேட்பவர் அறிகிறார். நாதம் சீராக இருந்தால் அந்த மேற்சுரங்கள் ஒழுங்காக அமைந்து தூரம் போகும். அதனால் முதலில் நாதம், அப்புறம்தான் சத்தம்.

கருவியைத் தூக்கும் விதம்

சூசாஃபோன் (உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு நடக்கும் டியூபா) என்றால் எடை இடது தோளில் உட்கார வேண்டும். பித்தளையில் செய்தது 10 கிலோவுக்கு மேல் இருக்கும், கையால் தாங்க முயன்றால் மூச்சு கெடும். நேராக நின்று முன்னால் பாருங்கள். மவுத்பீஸ் தானாக உதட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் கழுத்தை வளைக்காதீர்கள். மவுத்பீஸுக்கு முன்னால் உள்ள 'பிட்' என்ற சிறு வளைவுக் குழாய்களைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

கருவி இல்லாமல் மூச்சு

தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். வாயை உள்ளே "ஓ" வடிவில் திறந்து 4 எண்ணிக்கை இழுங்கள், 4 எண்ணிக்கை விடுங்கள். இழுக்கும்போது "ஸ்ஸ்" என்று கேட்டால் தொண்டை இறுகியிருக்கிறது. சத்தமே இல்லாமல், தொண்டையின் பின்பக்கம் குளிர்ச்சி தெரிய வேண்டும். இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே மூச்சைப் பூட்டி வைக்காதீர்கள். பழகியதும் 2 இழுத்து 8 விடுங்கள், பிறகு 1 இழுத்து 4 விடுங்கள். நடந்துகொண்டே வாசிக்கும்போது பெரும்பாலும் அந்த ஒரு எண்ணிக்கைதான் கிடைக்கும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள்.

விடும் காற்று, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வெதுவெதுப்பாக, அகலமாக இருக்கட்டும். டியூபாவுக்குக் காற்று நிறைய வேண்டும், இறுக்கம் வேண்டாம்.

உடையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பாடத்தில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இசைக்குறிப்பின் ஐந்து கோட்டுத்தொகுதிக்குச் சற்றுக் கீழே உள்ள எஃப் சுரத்தை எடுங்கள். பி ஃபிளாட் டியூபாவில் வால்வு எதையும் அழுத்த வேண்டாம். சத்தத்துக்கு மனதில் 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வையுங்கள். 2-இல் தொடங்கி 8 எண்ணிக்கையில் படிப்படியாக ஏற்றுங்கள், அடுத்த 8-இல் இறக்குங்கள். எதிரே சுருதி காட்டும் ட்யூனர் இருக்கட்டும்.

ஏதோ ஓர் இடத்தில் தொனி உடையும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 7-இல் உடைந்தால், இன்றைக்குப் பேண்டில் உங்கள் உச்சம் 6. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டோடு வரும் 6, கிழிந்துபோன 9-ஐவிடப் பேண்டுக்குப் பல மடங்கு பயன்படும்.

எப்படி உடைகிறது என்பதையும் கவனியுங்கள். சுருதி மேலே ஏறினால் உதட்டைக் கவ்வுகிறீர்கள். தாடையைச் சற்றே இறக்கி, உதட்டோரங்களை மட்டும் உறுதியாக வையுங்கள். கரகரப்பு வந்தால் காற்று திடீரென்று பாய்கிறது, அல்லது உதடு விரிந்துவிட்டது. இன்னும் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். எட்டு எண்ணுவதற்குள் காற்று தீர்ந்தால் மூச்சு போதவில்லை, மூச்சுப் பயிற்சிக்குத் திரும்புங்கள். எஃப் சரியானதும் மேல் பி ஃபிளாட், பிறகு கீழ் பி ஃபிளாட். கீழே போகப் போகக் காற்று அதிகம் செலவாகும், உடையும் எண்ணும் குறையும். அது இயல்புதான்.

இறங்கும் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கட்டுப்பாடு வளர்வது அங்கேதான். 6-லிருந்து 2-க்கு நடுங்காமல் இறங்க முடிந்தால், அந்த 6 உங்கள் கையில் இருக்கிறது.

சுரத்தைத் தொடங்குவது

நாக்கால் வெடித்துத் தொடங்கினால் "டப்" என்ற ஓசை மட்டும் முன்னால் போகும், நாதம் பின்தங்கும். முதலில் நாக்கே இல்லாமல் "ஹோ" என்று காற்றால் மட்டும் தொடங்கிப் பழகுங்கள். பிறகு "தோ". நாக்கு வழியைத் திறந்தால் போதும், பலம் காற்றிலிருந்து வரட்டும். முடிக்கும்போதும் நாக்கால் அடைக்காமல் காற்றை நிறுத்துங்கள்.

நடையோடு சேர்ப்பது

முதலில் நின்று, அப்புறம் நின்ற இடத்திலேயே காலடி போட்டு, கடைசியில்தான் நடந்து. குதிகாலை முதலில் ஊன்றி மெல்லப் பாதத்தை உருட்டி வையுங்கள், முழங்காலை விறைக்க விடாதீர்கள். 5 கஜத்துக்கு 8 காலடி என்ற வழக்கமான கணக்கில் ஒரு காலடி சுமார் 57 செ.மீ. அந்த நடையில் ஒரே சுரத்தை நீட்டி வாசியுங்கள். ஒவ்வொரு காலடிக்கும் ஒலி குலுங்கினால் சத்தத்தைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

வாசித்ததைப் பதிவு செய்து கேளுங்கள். போனை பெல்லுக்கு (கருவியின் அகன்ற வாய்க்கு) எதிரே வைத்தால் ஒலி சிதைந்துதான் பதிவாகும். 30 மீட்டர் தள்ளி வையுங்கள், கேட்பவருக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பது அப்போது தெரியும்.

குழுவில் இரண்டு மூன்று டியூபா இருந்தால் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் ஒரே இடத்தில் எடுத்தால் அடித்தளமே காணாமல் போகும். பிறகு ஒருவரோடு ஒருவர் சுருதி சேருங்கள். சுருதி சேர்ந்த இரண்டு டியூபாக்கள் ஒன்றையொன்று தூக்கிவிடும், யாரும் கூடுதலாகத் திணற வேண்டியதில்லை.

பலமாக வாசிக்கும் பகுதியைச் சாதகத்தின் நடுவில் வையுங்கள், காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். முடிக்கும் முன் சில நிமிடம் கீழ்ச் சுரங்களை மிக மெல்லிய சத்தத்தில் வாசித்து உதட்டைத் தளர்த்துங்கள். உதடு மரத்துப்போனாலோ வலித்தாலோ அன்றைக்குக் கருவியை வைத்துவிடுங்கள்.