"கீழே ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கிளினிக்கில் 26 வருடம் நர்ஸாக இருந்தேன். திரையை இழுத்து மூடியதும் நம் பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வது இதுதான்: "மிஸி, கீழே ஒரு மாதிரியா இருக்கு." கீழே என்றால் பெண்ணுறுப்பு. அந்த 'ஒரு மாதிரி'யைப் பிரித்துச் சொன்னாலே டாக்டருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

அரிப்பா, எரிச்சலா, வாடையா, வறட்சியா? எது முதலில் வந்தது? வெளித்தோலிலா, உள்ளேயா? மூத்திரம் போகும்போது எரிகிறது என்றால் இன்னும் கவனியுங்கள். உள்ளுக்குள் எரிந்து, அடிக்கடி போகத் தோன்றினால் மூத்திரத் தொற்றாக இருக்கலாம். மூத்திரம் வெளித்தோலில் பட்டதும் சுரீர் என்றால், தோல்தான் புண்ணாகியிருக்கும்.

ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் வழவழப்பாக, வாடை இல்லாமல் வெள்ளைப்படுவது இயல்பு. தயிர்த் திப்பி மாதிரி வந்து அரிப்பு தாங்க முடியவில்லை என்றால் பூஞ்சையாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, உறவுக்குப் பிறகு மீன் வாடை கூடினால் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது உள்ளே இயல்பாக இருக்கும் கிருமிகளின் சமநிலை குலைவது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற, உறவில் பரவும் ஒட்டுண்ணி. இதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

ஆனால் இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பூஞ்சை என்று தாங்களே நினைத்து மருந்து வாங்கிய 95 பெண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் வெறும் பூஞ்சை இருந்தது.

பரிசோதனை ஒன்றும் பயப்படும்படி இருக்காது. பஞ்சுக்குச்சியில் எடுத்த வெள்ளைப்பட்ட நீரை, புளிப்புத் தன்மையை (அமிலத்தை) அளக்கும் பிஎச் காகிதத்தில் தடவுவோம். 4.5க்கு மேல் நிறம் காட்டினால் பூஞ்சை மட்டும் என்று சொல்வது கடினம். கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் வாடை குப்பென்று எழுந்தால், வஜினோசிஸ் பக்கம் சந்தேகம் போகும். அப்புறம் மைக்ரோஸ்கோப். ரத்தமும் விந்தும் பிஎச் அளவைக் கூட்டிவிடும். அதனால் முடிந்தால் தீட்டு நாட்களைத் தவிர்த்துப் போங்கள். இரண்டு நாளைக்கு முன்பே க்ரீம், உள்ளே வைக்கும் மாத்திரை, உறவு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், உள்ளே கழுவாதீர்கள்.

ஓர் அக்காவை என்னால் மறக்க முடியாது. 58 வயது. மூன்று வருடம் ஃபார்மசியில் பூஞ்சை மருந்து மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறார். இரவில்தான் அரிப்பு, தூக்கமே இல்லை. கடையில் யாரும் பார்க்கவில்லை; எப்படிப் பார்ப்பார்கள்? எங்கள் டாக்டர் விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தார். தோல் வெள்ளையாக, வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து கிடந்தது. அது லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற நாட்பட்ட தோல் நோய், பூஞ்சையே இல்லை. வீரியமான ஸ்டீராய்டு களிம்பு போட்டதும் அரிப்பு அடங்கியது. அந்தத் தோலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதால் ஆண்டுதோறும் காட்டச் சொன்னோம். இதையெல்லாம் மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதாலேயே வறட்சியும் எரிச்சலும் வரும். அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

போகும்போது, கீழே எதையெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தச் சவுக்காரம், டெட்டால், வெற்றிலை வாஷ், மாசிக்காய், பேன்டி லைனர், ஈரத் துடைப்பான். இவற்றாலேயே தோல் புண்ணாகலாம். சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கையும் எழுதுங்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் மருந்து அட்டையையே எடுத்துப் போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குப் பூஞ்சை எளிதில் வரும்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், ஆறாத புண், மாதவிடாய் நின்றபின் ரத்தம் என்றால் நாள் பார்க்காமல் உடனே போங்கள். கர்ப்பிணிகளும் தள்ளிப்போட வேண்டாம். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. பார்க்காமலே மருந்து எழுதத் தொடங்கினால், "டாக்டர், ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று சொல்லுங்கள்.