கூரையில் கறுப்புக் கோடுகள்: ஷிங்கிள் பாசியை நீக்குவது எப்படி?

அமெரிக்காவில் ஹூஸ்டன், அட்லாண்டா, டாம்பா பக்கம் வீடு வாங்கியவர்களுக்குச் சில வருடங்களில் எச்.ஓ.ஏ.விலிருந்து (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) ஒரு கடிதம் வரக்கூடும்: கூரையில் கறை இருக்கிறது, சுத்தம் செய்யுங்கள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், வடக்குப் பார்த்த சரிவில் மை வழிந்ததுபோல் கறுப்புக் கோடுகள்.

அது புகையோ தூசியோ இல்லை. குளோயோகாப்சா மாக்மா என்கிற நீலப்பச்சைப் பாசி. ஆஸ்ஃபால்ட் ஷிங்கிளில் (கூரைமேல் வரிசையாக அடுக்கி ஆணியடிக்கும் தார்த் தகடு) நிரப்பியாகச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல் தூள்தான் அதற்குத் தீனி. வடக்குச் சரிவில் வெயில் குறைவு, ஈரம் காய நேரமாகும். அதனால் அங்கேதான் முதலில் பிடிக்கும். நாம் பார்க்கும் கறுப்பு, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது போர்த்திக்கொள்ளும் உறை. இந்தக் கோடுகளைக் காட்டி "கூரையே போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லி வருபவர்களை நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் இது பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான்.

முதலில், செய்யக் கூடாதது

தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷரைத் தொடாதீர்கள். டிரைவ்வேயைப் பளிச்சென்று ஆக்கும் அதே இயந்திரம், ஷிங்கிள் மேல் ஒட்டியிருக்கும் சிறு கல்துகள்களையும் பெயர்த்துவிடும். வெயிலிலிருந்து ஆஸ்ஃபால்ட்டைக் காப்பதே அந்தத் துகள்கள்தான். அவை போனால் கூரையின் ஆயுளும் போகும், வாரண்டியும் போகலாம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். பாசி உயிருள்ளது, அதைக் கொன்றால் போதும், சுரண்டத் தேவையில்லை.

நீங்களே செய்யலாமா?

தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, சரிவும் அதிகமில்லை என்றால் செய்யலாம். 12 அங்குலம் உள்ளே போனால் 6 அங்குலத்துக்கு மேல் உயரும் கூரை என்றாலோ, மேல்தளமும் உள்ள வீடு என்றாலோ ஆள் வைத்துக்கொள்ளுங்கள். "சாஃப்ட் வாஷ்" (அழுத்தமில்லாமல் மருந்து அடித்துக் கழுவுவது) செய்பவர்களா என்று கேளுங்கள். பிரஷர் வாஷர் என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பாசியைக் கொல்ல அடிக்கப் போவது ப்ளீச். அது பட்ட ஷிங்கிள் கடுமையாக வழுக்கும். அதனால் கூரை மேல் ஏறாமல், ஏணியில் நின்றபடியே எட்டுகிற இடம்வரை செய்வதுதான் இந்த முறை.

வாங்க வேண்டியவை

துணிக்குப் போடும் சாதாரண திரவ ப்ளீச். வாசனை சேர்த்ததும் தெறிக்காமல் இருக்கக் கெட்டியாக்கியதும் வேண்டாம். ப்ளீச் நாளாக ஆக வீரியம் இழக்கும், ஆகவே கராஜில் போன வருடத்திலிருந்து கிடக்கும் பாட்டிலை நம்பாதீர்கள். 2 கேலன் பிளாஸ்டிக் பம்ப் ஸ்பிரேயர், ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, போனால் போகட்டும் என்கிற உடை, இவை போதும்.

செய்முறை

1. மேகமூட்டமான, காற்றில்லாத நாளாகப் பாருங்கள். சுடும் வெயிலில் அடித்தால் மருந்து வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும்.

2. கூரைக்குக் கீழே இருக்கும் செடிகளுக்கும் புல்லுக்கும் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் குடித்து நிறைந்த மண் ப்ளீச்சை அதிகம் இழுக்காது. கோடையில் பேட்டியோவில் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியை கராஜுக்குள் நகர்த்திவிடுங்கள். அதை வளர்த்த பாடு உங்களுக்கே தெரியும். மழைநீர்ப் பீப்பாய் இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

3. ஏணியைக் கெட்டியான தரையில் ஊன்றுங்கள். 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பக்கம் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மேல் முனை கூரை விளிம்பைத் தாண்டி 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

4. ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அமெரிக்க ஆஸ்ஃபால்ட் கூரை உற்பத்தியாளர் சங்கம் சொல்லும் அளவும் இதுதான். வேறு எதையும் சேர்க்காதீர்கள். வினிகர் சேர்த்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா கலந்த கிளீனர் சேர்த்தால் குளோரமின் வரும். இரண்டும் மூச்சுக்கு ஆபத்து.

5. கறை படிந்த இடம் முழுக்க நனையும்படி அடித்து, 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். நடுவில் காய்ந்தால் லேசாக இன்னொரு முறை. கறுப்பு கண்ணெதிரே வெளுக்க ஆரம்பிக்கும்.

6. அப்புறம் தோட்டத்து ஹோஸால் மெதுவாகக் கழுவுங்கள். தண்ணீர் மேலே எழும்பிச் சரிவில் விழ வேண்டும். ஷிங்கிள் விளிம்புக்கு அடியில் நேராகப் பீய்ச்சினால் வீட்டுக்குள் ஒழுகும். செடி, கட்டர் (கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்), சுவர் எல்லாவற்றையும் இதே கையோடு கழுவிவிடுங்கள். அலுமினியக் கட்டரில் ப்ளீச் தங்கினால் அரிக்கும். ஸ்பிரேயரிலும் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ரப்பர் வாஷர் கெட்டுவிடும்.

பச்சை மெத்தையாகப் பாசி முளைத்திருந்தால் அது வேறு வகை. இதே மருந்தில் செத்துவிடும், ஆனால் அன்றே விழாது. பழுப்பாகி, காய்ந்து, வரும் வாரங்களின் மழையில் தானாக உதிரும். பிடுங்கினால் துகள்களும் சேர்ந்து வரும்.

மறுபடி வராமல் இருக்க

வரும். காற்றில் பரவும் பாசி, பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்தே வரலாம். தள்ளிப்போட ஒரு வழி உண்டு. பல கூரைகளில் புகைபோக்கியைச் சுற்றியுள்ள உலோகத் தகட்டுக்கு நேர் கீழே மட்டும் ஷிங்கிள் சுத்தமாக இருப்பதைப் பார்க்கலாம். மழை பெய்யும்போது தகட்டிலிருந்து துத்தநாகம் துளித்துளியாகக் கரைந்து வழிகிறது. பாசிக்கு அது ஆகாது. அதனால்தான் கூரையின் முகட்டை ஒட்டி, நீளவாக்கில் துத்தநாகம் அல்லது தாமிரப் பட்டை பதிக்கிறார்கள். இருக்கிற கறையை அது போக்காது, சுத்தம் செய்த பிறகு போட்டால்தான் பலன். ஷிங்கிளைத் தூக்கி ஆணி அடிக்கும் வேலை என்பதால் கூரைக்காரரிடம் விடுவது நல்லது. உங்கள் கூரைத் தண்ணீர் மீன் குளத்தில் போய் விழுகிறது என்றால் இந்தப் பட்டையே வேண்டாம். இரண்டு உலோகமும் மீன்களுக்கு நஞ்சு.