அடி விழும் இடத்தில் வெட்டாதீர்கள்: சின்ன பட்ஜெட் சண்டைப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மூன்று பையன்கள் ஒரு பென்டிரைவோடு வீட்டுக்கு வந்தார்கள். பதினொரு நிமிடக் குறும்படம், அதில் ஆறு நிமிடம் சண்டை. நாயகனாக நடித்த பையன் சிலம்பமும் கராத்தேயும் முறையாகக் கற்றவன். நேரில் ஒரு உதை உதைத்துக் காட்டினான், அசந்துபோனேன். ஆனால் படத்தில் அந்த உதை இல்லை. ஒரு முஷ்டி, ஒரு முகம், ஒரு ஷூ, மறுபடி ஒரு முகம். 2014-இல் நான் செய்த அதே தப்பு. இந்த வருடம் இப்படிப் பார்க்கும் மூன்றாவது படம் இது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஃபோகஸ் தவறுவது, ஷாட்டுக்கு ஷாட் சட்டை மாறுவது, பேட்டரி தீர்ந்துபோவது எல்லாம் ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடி விழும் இடத்தில் வெட்டுவது

டெக்கு (வீடியோ கேசட் போடும் பெட்டி) வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஹாங்காங் படம் பார்த்த தலைமுறை நான். அந்தப் படங்களில் குறைக்குப் பஞ்சமே கிடையாது. உதடு ஒன்று பேசும், குரல் வேறொன்று பேசும். நரைத்த தாடி ஓரத்தில் பிய்ந்து நிற்கும். கதை பாதியில் எங்கோ போய்விடும். அப்படியும் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தோம். ஒரு மனிதன் மேஜை மேலிருந்து உண்மையாகவே விழுந்தான், விழுந்த இடம் வரைக்கும் கேமரா அவனைக் காட்டியது, அதுதான் காரணம்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவன் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் யூ ஜிம் யுவன் என்ற ஆசிரியரிடம் சிறுவயதிலேயே பீக்கிங் ஓபரா கற்றவர்கள். அது மேடைக்கலை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தலை முதல் கால் வரை முழு உடம்பும் தெரியும், மறைக்க இடமில்லை. அங்கே பழகியவர்கள் சினிமாவுக்கு வந்த பிறகும் உடம்பை முழுதாகவே காட்டினார்கள். அடிப்பதையும் அடி வாங்குவதையும் ஒரே ஷாட்டில் வைத்தார்கள்.

2014-இல் நான் என்ன செய்தேன்? செங்கல்பட்டுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையில் மூன்று இரவு படப்பிடிப்பு. நாயகன் ஒன்பது வருடம் கராத்தே பழகியவன். எதிரி என் அத்தை மகன், விழத் தெரியாதவன். காலுக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்துவிடுமே என்று எனக்கு ஒரே பயம். அதனால் எல்லாவற்றையும் கிட்டப்போய் எடுத்தேன். கால் தனி, முகம் தனி. நாலு நிமிடச் சண்டைக்கு இருநூற்றுக்கும் மேல் ஷாட். எடிட்டிங் மேஜையில் எடிட்டர் அக்கா பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "யாரு எங்க நிக்கிறாங்கன்னே தெரியலையே தம்பி, வைட் எங்க?" என்றார். வைட், அதாவது எல்லாரையும் முழு உடம்போடு தள்ளி நின்று காட்டும் ஷாட், எடுக்கவே இல்லை. ஒன்றுகூட.

கேமரா, லைட், சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். கடன் வாங்கிய பணம். அதைவிட, அந்தப் பையனின் ஒன்பது வருட உழைப்பை நான் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. பென்டிரைவில் அதையே மறுபடி பார்த்தபோது எரிச்சல் வந்தது அதனால்தான்.

பெரிய படங்களில் இப்படி வெட்டுகிறார்களே என்று அந்தப் பையன்கள் கேட்டார்கள். அங்கே பலசமயம் நாயகனுக்குச் சண்டை தெரியாது, டூப்பை மறைக்க வேண்டும், ஒரு நாள் கூடினாலும் செலவு பல லட்சம். அவர்கள் வெட்டுவது கட்டாயத்தால். உங்களிடம் பணம் இல்லை, ஆனால் சண்டை தெரிந்த பையன் இருக்கிறான், மொட்டை மாடி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கும்போது அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம், இடைவெளியை மறைக்கக் கிட்டப்போக வேண்டியதே இல்லை. முதல் விஷயம், கேமராவை எங்கே வைக்கிறோம் என்பது. குத்துபவனின் தோளுக்குப் பின்னாலோ, குத்து வாங்குபவனின் தலைக்குப் பின்னாலோ வையுங்கள். லென்ஸ், முஷ்டி, முகம் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் நடுவே முக்கால் அடி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் நாலு விரல் இடைவெளிகூடப் பல்லிளித்துவிடும்.

இரண்டாவது, தலை திரும்பும் நேரம். முஷ்டி முகத்தைக் கடக்கும் அந்த நொடியில், அது போகும் திசையிலேயே தலை திரும்ப வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பொய் தெரியும், பிந்தினாலும் தெரியும். மறுபடி எடுத்தபோது உதவிக்கு வந்த வயதான ஃபைட்டர் ஒருவர், நாயகனைக் கண்டுகொள்ளவே இல்லை. முழு நாளும் என் அத்தை மகனோடுதான் இருந்தார். "அடிக்கிறவனுக்குப் பேரு வரும் தம்பி. அடி வலிக்குதுன்னு காட்டுறவன் விழுறவன்தான்" என்றார்.

மூன்றாவது, வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடி படும் இடத்தில் வெட்டாதீர்கள். முதல் ஷாட்டில் அடி படட்டும். அடுத்த ஷாட்டை, அடி படுவதற்கு இரண்டு மூன்று பிரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம்) முன்னாலிருந்து தொடங்குங்கள். அதாவது அதே அடி இரண்டு தடவை வருகிறது. ஷாட் மாறியதும் எங்கே பார்ப்பது என்று கண் ஒரு கணம் தேடும். நொடிக்கு 24 பிரேம் ஓடும்போது அந்த மூன்று பிரேம் தேடலிலேயே கரைந்துவிடும். பார்ப்பவருக்கு இரண்டு அடி தெரியாது, ஒரே அடி பலமாகத் தெரியும். ஹாங்காங் எடிட்டர்களின் கைவேலை இது. உங்கள் லேப்டாப்பிலேயே செய்யலாம், காசு செலவில்லை.

ஆலைக்குத் திரும்பப் போய் ஒரே ஒரு உதையை வைட்டில் எடுத்தோம். பதினான்கு டேக். பதினோராவதில் அத்தை மகன் சாக்கின் மேல் விழுந்து சாக்கு கிழிந்தது. உமி இடுப்பு உயரத்துக்கு எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக அடங்கியது. முன்பு எடுத்த இருநூறு ஷாட்டும் குப்பைக்குப் போயின, அந்த ஒன்று படத்தைத் தூக்கி நிறுத்தியது.

ஒத்திகையைப் படம்பிடிக்காமல் போவது

இந்தோனேசியாவில் 2011-இல் வந்த 'தி ரெய்ட்' சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்த படம். ஹாலிவுட் கணக்கில் அது கைச்செலவு. சண்டைகளை அமைத்தவர்கள் அதில் நடித்த ஈக்கோ உவைஸும் யயான் ருஹியானும். இயக்குநர் கேரத் எவன்ஸ் அவர்களோடு உட்கார்ந்து, சண்டைகளை முதலில் சாதாரண வீடியோ கேமராவில் எடுத்து, வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்கே போனார். எந்த ஷாட் தேவை, எது வீண் என்று முன்பே தெரிந்துவிடும். இன்றைக்கு எல்லார் பையிலும் ஃபோன் இருக்கிறது. அன்று நான் இதைச் செய்திருந்தால் வைட் இல்லையே என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

நாயகன் ஒருவனை அடிக்க, மற்ற ஐந்து பேர் ஆடிக்கொண்டு நிற்பது

இது இடத்தின் கோளாறு. திறந்த மைதானத்தில் ஆறு பேரை நிறுத்தினால் ஐந்து பேருக்கு வேலை இருக்காது. குறுகலான இடத்துக்குப் போங்கள்: மாடிப்படி, நடை, மாட்டுக்கொட்டகை. அடுத்தவன் வர வேண்டுமென்றால் விழுந்தவனைத் தாண்டித்தான் வர வேண்டும், அதனால் காத்திருப்பது நியாயமாகிவிடும். 'தி ரெய்ட்' பெரும்பாலும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைகளிலும் அறைகளிலுமே நடக்கிறது. லைட்டும் குறைவாகப் போதும், ஆளும் குறைவாகப் போதும். நிற்பவர்களுக்கும் ஏதாவது வேலை கொடுங்கள். ஒருவன் எழ முயலட்டும், ஒருவன் வாசலில் இருந்தபடி போகலாமா வேண்டாமா என்று தயங்கட்டும்.

வேகத்தைக் கூட்டுவது

நொடிக்கு 22 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒன்பது சதவீதம் வேகம் கூடும். பழைய ஆட்கள் தேவையான ஷாட்டுக்கு மட்டும் அப்படிச் செய்தார்கள். நீங்கள் முழுச் சண்டையையும் நூற்றைம்பது சதவீதத்துக்கு ஏற்றாதீர்கள். தலைமுடியும் வேட்டியும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா அடிக்கும் ஒரே சத்தம்

முகத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. மூன்று விதச் சத்தம் இருந்தால் போதும்.

நிஜக் கண்ணாடி, நிஜ டியூப்லைட்

கூடவே கூடாது.

கதையைச் சிக்கலாக்குவது

2003-இல் வந்த தாய்லாந்துப் படம் 'ஓங் பாக்'கில் கிராமத்துப் புத்தர் சிலையின் தலையைத் திருடிக்கொண்டு போகிறார்கள், அதை மீட்க ஒருவன் பேங்காக் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தத் தலை ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதற்கப்புறம் நாயகனாக நடித்த டோனி ஜா எவ்வளவு உயரம் தாண்டினாலும் நாம் அவன் பக்கம். ஒரு வரிக் காரணம் போதும், ஆனால் காரணம் இருக்க வேண்டும். மூன்று கும்பல், இரண்டு துரோகம், ஒரு கனவுக் காட்சி எல்லாம் பதினொரு நிமிடத்தில் வேண்டாம்.

குறையை வேண்டுமென்றே செய்வது

பழைய படங்கள் மாதிரி இருக்கட்டும் என்று சிலர் வேண்டுமென்றே உதட்டசைவைத் தப்பாக வைக்கிறார்கள், விக்கைக் கோணலாக மாட்டுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. உகாண்டாவின் கம்பாலாவில் வாகலிகா என்ற ஏழைக் குடியிருப்பு. அங்கே செங்கல் அறுத்த ஐசக் நப்வானா என்பவர் சண்டைப்படங்கள் எடுக்கிறார். கணினியைக் கையில் கிடைத்த பாகங்களை வைத்துத் தானே சேர்த்துக்கொள்கிறார். துப்பாக்கி பழைய இரும்பில் செய்தது. ஆணுறையில் சிவப்புச் சாயம் நிரப்பிச் சட்டைக்குள் வைத்தால் ரத்தம். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரலாம். எடுத்தவர்கள் ஒரு ஷாட்டையும் கேலிக்காக எடுக்கவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் மண் தரையில் நிஜமாகவே உருண்டு விழுகிறார்கள். இல்லாமையால் வந்த குறை அது. அந்தக் குறையைத் தாண்டி உழைப்பு தெரிவதால்தான் உலகமெங்கும் தேடிப்பிடித்துப் பார்க்கிறார்கள். உழைப்பை விட்டுவிட்டுக் கோணல் விக்கை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த மூன்று பையன்களும் சண்டையை முழுவதுமாகத் திரும்ப எடுக்கப்போகிறார்கள். விழப்போகிற பையனுக்கு முதலில் பத்து நாள் பயிற்சி, அதன்பிறகுதான் கேமரா. அந்த வயதான ஃபைட்டர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய மெத்தை பரணில் இருந்தது. வெயிலில் காயவைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.