செயினை வெட்டும் முன் ஷாக்கின் காற்றை இறக்குங்கள்: கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை வீட்டிலேயே கோப்பது எப்படி?

மூன்று மாதம் பாகம் பாகமாகச் சேர்த்துக் கோத்த சைக்கிளின் டிரெய்லியர் (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பின் பாகம்), முதல் சவாரியிலேயே முறிந்தது. ஒரு செங்குத்தான ஏற்றம் முடிந்ததும், கியரை மாற்றாமல், முழங்கால் உயரப் பாறையிலிருந்து இறங்கினேன். பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் முழுவதும் அமுங்கியது. கேசட்டின் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கின்) பெரிய பல்சக்கரத்தில் இருந்த செயின் இழுத்த இழுப்பில், டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து, டிரெய்லியர் ஸ்போக்குகளுக்குள் போய்விட்டது. வண்டி நிமிர்ந்து நின்ற நிலையில் நான் செயினை அளந்து வெட்டியதுதான் காரணம்.

முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளுக்கு இரண்டு உருவங்கள் உண்டு: நிமிர்ந்து நிற்பது ஒன்று, அமுங்கிக் கிடப்பது இன்னொன்று. செயின், பின் பிரேக் குழாய், கியர் கேபிள் எல்லாவற்றையும் இரண்டு உருவங்களிலும் சரிபார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். டயர் மாட்டவும், பிரேக் பேட் மாற்றவும், கியர் கேபிளைச் சரிசெய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கருவிகள்

பெட்டி நிறையக் கருவிகள் கொண்ட செட்டை வாங்காதீர்கள். அதில் பாதி பயன்படாது. அந்தப் பணத்தில் 2 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கத்தை அளக்கும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்குங்கள். அலுமினியத்தை அதிகம் இறுக்கினால் நசுங்குவது கண்ணுக்குத் தெரியும். கார்பனில் உள்ளே அடுக்குகள் பிரிந்த பிறகும் மேலே பெயின்ட் அப்படியே இருக்கலாம். கைப்பழக்கத்தை நம்பி இறுக்கும் வேலையே கார்பனில் வேண்டாம். கேசட்டின் பூட்டு வளையத்துக்கு 40, பெடல் மாட்டும் ஸ்ராம் டப் கிராங்குக்கு 54 நியூட்டன் மீட்டர் தேவை. இந்த இரண்டுக்கும் பெரிய ரெஞ்சை யாரிடமாவது இரவல் வாங்கலாம்.

மற்றவை: ஷாக் பம்ப், செயின் வெட்டி, நல்ல ஆலன் கீ செட், கார்பன் பேஸ்ட், கிரீஸ், மரை தானாகத் தளராமல் பிடிக்கும் லாக்டைட் 243. ஆலன் கீயில் மட்டும் மலிவானதைத் தொடவே மாட்டேன். முனை தேய்ந்த கீ ஒரே நாளில் பிவட் (பின் முக்கோணம் அசையும் மூட்டு) போல்ட்டின் தலையைக் கெடுத்துவிடும்.

வேலைக்கான ஸ்டாண்டில் சைக்கிளை ஃபிரேமின் குழாயில் பிடிக்க வைக்காதீர்கள். மெல்லிய கார்பன் குழாய் அந்தப் பிடிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஏறி இறங்கும் டிராப்பர் சீட் போஸ்ட்டின் வழவழப்பான தண்டையும் பிடிக்க வைக்கக் கூடாது. நான் பழைய அலுமினிய சீட் போஸ்ட் ஒன்றைச் செருகி அதைத்தான் பிடிக்க வைக்கிறேன்.

பிவட்களைத் திறந்து பாருங்கள்

ஃபிரேம் புதிதாக இருந்தாலும் பின் முக்கோணத்தின் பிவட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பேரிங்கின் முகத்தில் கிரீஸ் தடவி, போல்ட்டின் மரையில் ஒரு சொட்டு லாக்டைட் மட்டும் விட்டு, ஃபிரேமின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். லாக்டைட் பேரிங்குக்குள் வழியக் கூடாது. பிவட் பேரிங் சக்கரத்தின் பேரிங் போல முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, சில பாகை மட்டுமே முன்னும் பின்னும் அசைகிறது. ஒரே இடத்தில் குண்டுகள் அழுத்துவதால் அங்கேயே குழி விழும். அதனால்தான் இந்த இடத்துக்குக் கூண்டு இல்லாமல் குண்டுகள் நிறைந்த பேரிங்கை விரும்புகிறார்கள்.

தேய்ந்த பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள். திருகி இழுக்கும் பிரஸ் வேண்டும். புதியதை உள்ளே தள்ளும்போது பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும்.

குழாயும் கேபிளும்

கிராங்க் மாட்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள்; கிராங்கின் அச்சு அமரும் பாட்டம் பிராக்கெட் துளை வழியாக விரலை விட்டுக் கேபிளைப் பிடிக்க முடியும். பின் பிரேக் குழாயை வெட்டும் முன் ஷாக்கை முழுவதும் அமுக்கிப் பாருங்கள், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் குழாய் விறைக்கக் கூடாது. பிரேக்குக்கு எந்த எண்ணெய் என்பதில் சமரசம் இல்லை: ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமில் மாடலைப் பொறுத்து டாட் திரவம் அல்லது மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் பாழாகும்.

மரை வைத்த பாட்டம் பிராக்கெட் என்றால், செயின் இருக்கும் பக்கத்துக்கு இடது மரை. கடிகார எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும்.

செயின்

பின் சக்கரம் மேலே எழும்போது, பல வடிவமைப்புகளில் பாட்டம் பிராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அது 20 மி.மீ. கூடினால், செயின் மேலும் கீழும் ஓடுவதால், கிட்டத்தட்ட 40 மி.மீ. செயின் கூடுதலாக வேண்டும். செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. அதாவது மூன்று கண்ணிகளுக்கு மேல். நான் வெட்டி எறிந்தது அந்த மூன்று கண்ணிகளைத்தான்.

முதலில் ஷாக்கின் காற்றை மெதுவாக இறக்குங்கள். பின் சக்கரத்தை மேலே தூக்கியபடி, பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து பின் அச்சு வரை டேப் வைத்து அளந்துகொண்டே வாருங்கள். எல்லா ஃபிரேமிலும் முழு அமுக்கத்தில்தான் தூரம் உச்சம் தொடும் என்பதில்லை. சிலவற்றில் அதற்கு முன்பே தொட்டுவிடும். உச்சம் எங்கே வருகிறதோ அங்கே ஒரு மரக்கட்டையை வைத்துச் சக்கரத்தை நிறுத்துங்கள். செயினை டிரெய்லியரில் கோக்காமல், முன் பல்சக்கரத்திலும் கேசட்டின் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் சுற்றி இரு முனைகளையும் சேருங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் உள் கண்ணி, ஒரு வெளிக் கண்ணி கூடுதலாக விட்டு, இணைப்புக் கண்ணிக்கும் இடம் கணக்கிட்டு வெட்டுங்கள். வெட்டும் முன் மறுபடி எண்ணுங்கள். நான் இப்போது வெட்டுமிடத்தில் வண்ண நூல் கட்டிவிட்டு, ஒரு தேநீர் குடித்து வந்து மீண்டும் எண்ணுகிறேன்.

ஷாக்கில் காற்று

ஷாக்கின் உள்ளே இரண்டு காற்றறைகள் உண்டு. பம்ப் அடிக்கும்போது முதல் அறைதான் நிரம்புகிறது. ஷாக் அசையும்போதுதான் இரண்டாவதற்குக் காற்று போகிறது. ஆகவே பாதி அழுத்தம் ஏற்றி, சைக்கிளைப் பத்து முறை மெதுவாக அமுக்கி எழ விட்டு, பிறகு மீதியை ஏற்றுங்கள். பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘உஸ்’ சத்தம் பம்புக் குழாயில் தங்கிய காற்றுதான்.

ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்து உட்காருங்கள். ஷாக்கின் நகர்வு 55 மி.மீ. என்றால், 30 சதவீதமான 16.5 மி.மீ. அமுங்க வேண்டும். ரப்பர் வளையம் நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள்.

ஸ்ராம் ஈகிள் டிரெய்லியர் என்றால், இப்படி உட்கார்ந்த நிலையிலேயே அதன் பி-திருகையும் (டிரெய்லியரின் மேல் சக்கரத்துக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் திருகு) சரிசெய்ய வேண்டும். ஒருவர் சைக்கிளில் உட்கார, மற்றவர் குனிந்து திருக வேண்டும் என்பதால் துணைக்கு ஆள் தேவை. என் வீட்டில் என் தங்கை திருகினாள்.

பராமரிப்பு

சீட் போஸ்ட்டைக் கார்பன் ஃபிரேமில் செருகும்போது கிரீஸ் தடவாமல் கார்பன் பேஸ்ட் தடவுங்கள். அதிலுள்ள மணல் போன்ற துகள்கள் பிடிப்பைக் கூட்டுவதால் குறைவான இறுக்கமே போதும். கோயம்புத்தூர் வெயிலில் டியூப்லெஸ் திரவம் விரைவாகக் காய்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் வைத்திருந்தால், கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றுவதை 50 மணி நேரச் சவாரிக்கு ஒருமுறை செய்துவிடுங்கள்.

விழுந்த பிறகு ஃபிரேமைத் துடைத்து, ஒரு நாணயத்தால் அடிபட்ட இடத்தைச் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலித்துவந்தது ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால், பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டும் வரை ஓட்டாதீர்கள். கார்பனைத் தேய்த்துப் பார்க்கும் ஆசை வந்தால் முகக்கவசம் இல்லாமல் செய்யாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பின்னர் சேர்த்தது: காற்றை இறக்கியதும் ஷாக் அமுங்கியபடியே நின்றுவிட்டது, எழவில்லை என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். ‘மெதுவாக’ என்று மேலே எழுதியதை நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வேகமாக இறக்கினால் முதல் அறை காலியாகி, இரண்டாவது அறையில் தங்கிய காற்று ஷாக்கைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சற்று இறக்கி, சைக்கிளை அமுக்கி எழ விட்டு, மீண்டும் சற்று இறக்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், ஷாக்கில் எழுதியுள்ள உச்ச அளவுக்கு மேல் போகாமல் பம்ப் அடித்துப் பாருங்கள்; பெரும்பாலும் எழுந்துவிடும். எழாவிட்டால் அதை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது திறந்தால் பாகங்கள் தெறித்து முகத்தில் அடிக்கும். அப்படியே ஷாக் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோய், மாட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.