பெரிய லூரில் பாஸ் பிடிக்க: எடையைச் சமாளிக்கும் வழிகள்

20 செ.மீ. நீளமும் 100 கிராமுக்கு மேல் எடையும் உள்ள லூரை, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையை, முதன்முறை கையில் எடுத்தால், இதை எந்த மீன் விழுங்கப் போகிறது என்றுதான் தோன்றும். பெரியவாய் பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீன் விழுங்கும். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள இரைகூட அதற்குப் பெரிய சிரமமில்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த 10 கிலோவுக்கு மேற்பட்ட பாஸ், உயிருள்ள ப்ளூகில் மீனைக் கவ்வித்தான் மாட்டியது. 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீனுடன் அது உலகச் சாதனையைப் பகிர்ந்துகொண்டது. கலிபோர்னியாவின் ஏரிகளில் விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட் மீன்களைத் தின்றே அங்குள்ள பாஸ்கள் கொழுத்தன. ட்ரவுட் போலச் செய்த பெரிய ஸ்விம்பெய்ட்கள் (மீன்போல் நீந்தும் லூர்கள்) பெயர் வாங்கியதும் அங்கேதான்.

ஆகவே மீனின் வாயைப் பற்றிக் கவலை வேண்டாம். லூரின் எடையைப் பற்றிக் கவலைப்படுங்கள். தூண்டில் கோல் முறிவதும், வீசும்போதே தூண்டில் நரம்பு அறுந்து லூர் தனியாகப் பறப்பதும், மாட்டிய மீன் துள்ளித் தூண்டில் முள்ளை உதறுவதும் அந்த எடையால்தான்.

கோல், ரீல், நரம்பு

சாதாரண பாஸ் கோலில் இதை வீசாதீர்கள். ஏழரை முதல் எட்டரை அடி நீளமுள்ள, 2 முதல் 8 அவுன்ஸ் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் கோல் வேண்டும். அது விறைப்பான கம்பாகவும் இருக்கக் கூடாது. மேல் மூன்றில் ஒரு பங்கு நன்றாக வளைய வேண்டும். அந்த வளைவுதான் வீசும்போது எடையை ஏந்திக்கொள்ளும், மீன் இழுக்கும்போது முள் சதையைக் கிழிக்காமல் காக்கும்.

நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலுக்கு 300 அளவு பெய்ட்காஸ்டர் (வீசும்போது ஸ்பூல் என்ற நரம்பு உருளையே சுழலும் வகை) போதும். கியர் விகிதம் 6:1ஐ ஒட்டி, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஆறு சுற்று சுற்றுவதாக, இருந்தால் நல்லது. வேகமான ரீல் வாங்கினால் நம்மை அறியாமல் வேகமாகச் சுற்றிவிடுவோம்.

தொடங்குபவருக்கு 25 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு நல்லது. அது கொஞ்சம் நீளும் என்பதால் அதிர்ச்சியைத் தாங்கும். ஃப்ளோரோகார்பன் என்ற வகை நரம்பு நீரில் மூழ்கும், அதனால் மேற்பரப்பில் ஓடும் லூரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஆழத்தில் ஓட்டும் லூருக்கு அது பொருந்தும். பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு) நீளாது. பாதி வீச்சில் ரீல் சிக்கிக்கொண்டால் எல்லா அதிர்ச்சியும் முடிச்சில் இறங்கும், லூர் போய்விடும். பலோமர் நல்ல முடிச்சுதான், ஆனால் அதன் வளையத்தைப் பெரிய லூரையும் அதன் முட்களையும் தாண்டி நுழைப்பது பெரும்பாடு. ஸ்னாப்பில் (திறந்து மூடும் சிறு கம்பிக் கொக்கி) பலோமர் போட்டு லூரை அதில் மாட்டுங்கள், அல்லது யூனி முடிச்சைப் போடுங்கள். மணிக்கு ஒரு முறையாவது கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் வெட்டி மறுபடி கட்டுங்கள்.

வீசுவது

லூர் கோல் நுனியிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல் தொங்கட்டும். இரண்டு கைகளாலும் பிடித்து, பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, கோலை மெதுவாகப் பின்னே கொண்டுபோய் அதே சீரான வேகத்தில் முன்னே கொண்டுவாருங்கள். மணிக்கட்டால் வெடுக்கென்று சுண்டவே கூடாது. லூர் தண்ணீரைத் தொடுமுன் கட்டைவிரல் ஸ்பூலில் இருக்க வேண்டும், தவறினால் நரம்பு குருவிக்கூடாகும்.

கிளைடு பெய்ட்டை ஓட்டுவது

பெரிய லூர்களில் முதலில் பழக வேண்டியது இரண்டு துண்டாக மூட்டு வைத்த கிளைடு பெய்ட். கைப்பிடியை அரைச் சுற்று சுற்றி நிறுத்தினால் அது ஒரு பக்கம் வழுக்கிப் போகும். அடுத்த அரைச் சுற்றில் மறுபக்கம். நிறுத்தும்போது நரம்பில் சற்றுத் தளர்வு இருக்கட்டும், இறுக்கமாக இருந்தால் திரும்பாது.

கரையோரத் தெளிந்த நீரில் விட்டு, எவ்வளவு வேகமாக மூழ்குகிறது என்று முதலில் பாருங்கள். போன மாதம் மெல்ல மூழ்கிய லூர் இன்று மிதந்தால் லூரில் பழுதில்லை. குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது, அதனால் லூரைத் தூக்கிப் பிடிக்கும். வயிற்றில், இரு முட்களுக்கும் நடுவே ஒட்டும் ஈயத் தகட்டைச் சிறு துண்டாக ஒட்டிச் சோதியுங்கள். முன்னே ஒட்டினால் மூக்கு கவிழும். முள்ளின் அளவை மாற்றினாலும் மூழ்கும் வேகம் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெரிய லூரை மீன்கள் கவ்வுவதைவிடப் பின்தொடர்வதே அதிகம். நீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் போனால் பாதி ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டீர்கள். பின்னால் நிழல் தெரிந்ததும் கை தானாக நின்றுவிடும், அதுதான் தவறு. துரத்தப்படும் இரை நின்று காத்திருக்காது. இரண்டு வேகச் சுற்று, உடனே ஒரு நிறுத்தம்: லூர் பக்கவாட்டில் திரும்பி மீனுக்கு முகம் காட்டும். கவ்வுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். மீன் படகருகே வந்து உங்களைப் பார்க்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். கவ்வாமல் திரும்பினால் அங்கேயே வீசிக்கொண்டிருக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, வெளிச்சம் மங்கிய பிறகோ காற்றில் நீர் சிலிர்க்கும்போதோ வேறு கோணத்திலிருந்து வீசுங்கள். கண்ணாடிபோல் அசையாத நீரும் உச்சி வெயிலும் போலியைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மீட்டராவது தெளிவு இருக்கும் நீரைத் தேடுங்கள். நீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, சினை மீன்கள் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் வரும் முன்வசந்தம் மிகச் சிறந்த காலம். நீர்ப்பாசியின் ஓரத்துக்கு இணையாக வீசினால் லூர் அதிக தூரம் மீன் இருக்கும் இடத்திலேயே ஓடும். கலங்கல் நீரில் கிளைடு பெய்ட்டை வைத்துவிட்டு, மேற்பரப்பை உழுதுகொண்டு போகும் வேக் பெய்ட்டை எடுங்கள்.

கவ்விய பிறகு

நீர் தெறித்ததைப் பார்த்துச் சுண்டாதீர்கள். கனம் கையில் தெரிந்ததும் வேகமாகச் சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். மீன் மேலே எழும்போது கோல் நுனியை நீரை நோக்கித் தாழ்த்துங்கள். துள்ளித் தலையை உதறினால் 100 கிராம் லூர் சுத்தியல்போல் ஆடி, முள்ளை நெம்பிக் கழற்றிவிடும். இதற்காகவே சில மென் லூர்களில் நரம்பு உடலுக்குள் நுழைந்து முள்ளில் கட்டப்படுகிறது. மீன் மாட்டியதும் லூர் நரம்பில் மேலே வழுக்கிப்போகும், மீன் வாயில் முள் மட்டும் இருக்கும். கடினமான கட்டை லூராக இருந்தால், முள்ளை லூரில் மாட்டும் ஸ்ப்ளிட் ரிங் வளையத்துக்கும் மும்முனை முள்ளுக்கும் இடையே சிறு ஸ்விவல் (சுழலும் இணைப்பு) ஒன்று சேர்த்தாலே நெம்பும் விசை பெரிதும் குறையும்.

ரப்பர் கைவலை அவசியம். நூல் வலையில் 1/0 அளவுள்ள பெரிய மும்முனை முள் சிக்கினால் மீனையும் எடுக்க முடியாது, லூரையும் எடுக்க முடியாது. மற்ற முள் ஆடிக்கொண்டிருக்கும்போது தாடையில் கைவைக்காமல், நீள மூக்குக் குறடால் முதலில் முள்ளைக் கழற்றுங்கள். முள்ளை வெட்டும் கட்டரும் பையில் இருக்கட்டும், அது மீனுக்காக மட்டுமல்ல. பெரிய பாஸைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் தாடை மூட்டு பாதிக்கப்படும். வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்து விரைவில் நீரில் விடுங்கள்.

மென் லூர்களை வால் மடங்காமல் அவற்றோடு வந்த அச்சுத் தட்டிலேயே வையுங்கள். வேறு வகைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் உருகிப் பிசுபிசுக்கும். மடங்கிய வாலை வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கி, குளிர்ந்த நீரில் விட்டால் நிமிர்ந்துவிடும். நிமிர்த்தாமல் அப்படியே வீசினால் லூர் ஒருபக்கம் சாய்ந்து சுழலும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும்.