தாய்ப்பாலா, பவுடர் பாலா: தாய்மார்களும் சுற்றியிருப்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்து ஐந்து வாரமான ஒரு தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். குழந்தை அழ ஆரம்பித்ததும் அவள் எழுந்து உள்ளே போனாள். உதவலாமே என்று நானும் பின்னால் போனேன். துணி அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "ராத்திரிக்கு மட்டும்தான் குடுக்கிறேன்" என்றாள். நான் எதுவுமே கேட்கவில்லை. அப்போது மணி மாலை நாலு.

அதைவிட அடுத்து நடந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. நாலு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு மூன்று கரண்டிதான் போட்டாள். "முழுசா போட்டா வயித்துக்குக் கனமா இருக்கும்ல?" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டது. குழந்தை மருத்துவரிடம்கூட "தாய்ப்பால் மட்டும்தான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அப்புறம் அளவைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பாள்?

குழந்தைக்கு எந்தப் பாலைக் கொடுக்கிறாள் என்பதை வைத்து ஒரு தாயை எடைபோடுவதுதான் இந்த விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு. மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. வெட்கப்படுகிறவள் கேட்க மாட்டாள், கேட்காதவளுக்கு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

"பால் பத்தவில்லை" என்று அவசரப்பட்டு முடிவுகட்டுவது

முதல் இரண்டு மூன்று நாட்களில் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, மிகக் கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு வந்தாலே பெரிது. பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும், நோய் எதிர்ப்புப் பொருட்களும் அதில் நிறைந்திருக்கின்றன. பால் நன்றாக ஊறிவர பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்கள் பிடிக்கும். அதற்குள் "ஒன்றுமே வரவில்லையே" என்று பக்கத்திலிருப்பவர்கள் சொல்லிவிட்டால் தாயின் நம்பிக்கை அங்கேயே உடைந்துபோகிறது.

குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குழந்தை சப்பும்போது தாயின் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உண்டாக்குகிறது, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அதை வெளியே தள்ளுகிறது. மார்பு அடிக்கடி காலியானால் சுரப்பு கூடும், நிறைந்தபடியே இருந்தால் குறையும். அதனால் ஆரம்ப வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்பது இயல்பு. மாலை நேரத்தில் விடாமல் குடித்துக்கொண்டே இருப்பதும், இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் திடீரென்று பசி கூடுவதும் அப்படித்தான்.

என் முதல் குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபோது மார்பு சட்டென்று மிருதுவாகிவிட்டது. அதுவரை கனத்து, இறுகி, துணி நனைந்துகொண்டிருந்தது ஒரே வாரத்தில் நின்றது. பால் வற்றிவிட்டது என்று நினைத்து, நள்ளிரவில் பம்ப் வைத்துப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் 30 மில்லி. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு அழுதது இன்றும் நினைவிருக்கிறது. உண்மையில் குழந்தையின் தேவைக்கேற்ப சுரப்பு சீராகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பம்பில் வருவதை வைத்து சுரப்பை அளக்க முடியாது, குழந்தையின் வாய் இழுக்கிற அளவுக்கு பம்ப் இழுப்பதில்லை. இதை அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தைதான் காட்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவையாவது டயப்பர் நன்றாக நனைய வேண்டும். பிறந்ததும் கொஞ்சம் எடை குறைவது வழக்கம், அது இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மார்பின் அளவுக்கும் சுரப்புக்கும் சம்பந்தம் இல்லை.

"பால் இல்லாத தாயே கிடையாது" என்று அடித்துச் சொல்வது

இது மேலே சொன்னதற்கு நேரெதிரான தவறு. ஊக்கம் கொடுப்பதாக நினைத்துத்தான் பலரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே சுரப்பு குறைவாக இருக்கும் தாய்மார்கள் உண்டு. மார்பக அறுவை சிகிச்சை, பால் சுரப்பித் திசு போதுமான அளவு வளராதது, தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு கருப்பையிலேயே தங்கிவிடுவது என்று பல காரணங்கள் இருக்கலாம். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்யலாம், சிலவற்றை முடியாது. "இன்னும் முயற்சி பண்ணு" என்பது இவர்களுக்கு உதவி ஆகாது.

இங்கேதான் குழந்தைக்கு நிஜமான ஆபத்து வரும். எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, வாய் வைத்ததும் சோர்ந்துவிடுவது, சிறுநீர் குறைவது, முதல் சில நாட்கள் தாண்டியும் டயப்பரில் செங்கல் நிறத்தில் கறை தெரிவது, மஞ்சள் காமாலை கூடிக்கொண்டே போவது: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அழாத குழந்தையைச் சமர்த்து என்று நினைத்துவிடுகிறோம். அழக்கூடத் தெம்பில்லாமலும் இருக்கலாம். கறந்தெடுத்த தாய்ப்பாலோ, பவுடர் பாலோ, குழந்தையின் வயிறு முதலில் நிறைய வேண்டும். தாய்ப்பாலுக்கான முயற்சியை அதோடு சேர்த்தே தொடரலாம்.

வலியையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் கொஞ்சம் கூச்சமும் வலியும் இருக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் வருவதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வேண்டும். அதைக் கற்றுத்தரத் தெரிந்த செவிலியரோ தாய்ப்பால் ஆலோசகரோ ஒருவர் கூட இருந்து பார்த்தாலே பாதி வலி தீர்ந்துவிடும்.

ஒன்றை அமுதமாக்கி இன்னொன்றை விஷமாக்குவது

உலக சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுகளோடு 2 வயது வரையோ அதற்கு மேலும் தாய்ப்பால் என்று பரிந்துரைக்கிறது. அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வயிற்றுப்போக்கும் காதுத் தொற்றும் குறைகின்றன. தூக்கத்தில் திடீரென்று குழந்தை இறந்துபோகும் அபாயம் குறைகிறது. தாய்க்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் இது வாழ்வா சாவா என்கிற கேள்வி.

ஆனால் "பவுடர் பால் குடித்த குழந்தை நோஞ்சானாகும், மந்தமாகும்" என்பது வேறு பேச்சு. 1990-களில் பெலாரஸில் 17,000-க்கும் மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஆதரவு கொடுத்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்றும் தோல் கரப்பானும் குறைந்தன. ஆறரை வயதில் அறிவுத்திறன் சோதனையில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். ஆஸ்துமாவும் உடல் பருமனும் குறையவில்லை. நன்மை இருக்கிறது, அதற்கு ஓர் அளவும் இருக்கிறது. அந்த அளவோடு சொன்னால் தாய்மார்கள் நம்புவார்கள். மிகைப்படுத்திப் பயமுறுத்தினால், முடியாதவளுக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

பவுடர் பாலின் மீதான கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் ஏழை நாடுகளில் பால்மாவு நிறுவனங்கள் இலவச மாதிரிகளும் விளம்பரங்களுமாக இறங்கின. தாய்க்குச் சுரப்பு நின்ற பிறகு, டப்பா வாங்கக் காசில்லாமல், அசுத்தமான தண்ணீரில் நீர்க்கக் கலந்து கொடுத்துக் குழந்தைகள் இறந்தன. 1977-ல் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார மன்றம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிமுறையை ஏற்றது. அந்தக் கோபம் விற்றவர்கள் மேல் எழுந்தது, எழ வேண்டியதும்கூட. இன்றைக்கு அது டப்பாவைக் கையில் வைத்திருக்கும் தாயின் மேல் திரும்பியிருப்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

பவுடர் பால் கொடுப்பவருக்கு ஒன்றும் சொல்லித்தராமல் விடுவது

தாய்ப்பாலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், சொன்னால் பவுடர் பாலை ஊக்குவிப்பதாகிவிடுமோ என்று. நான் விரிவாகவே சொல்கிறேன்.

டப்பாவில் போட்டிருக்கும் அளவு கல்லில் எழுதியது போல. நீர்க்கக் கலந்தால் குழந்தைக்குச் சத்து போதாது. தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். கெட்டியாகக் கலந்தால் நீரிழப்பும் மலச்சிக்கலும் வரும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு மாவைப் போட வேண்டும். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும், அழுத்தி நிரப்பக்கூடாது. ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொரு டப்பாவுக்குப் பயன்படுத்தக்கூடாது, அளவு மாறும்.

பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. மூடி திறக்காத டப்பாவில்கூட அரிதாகக் கிருமி இருக்கலாம். அதனால்தான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் மாவைக் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து இறக்கியபின் அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாதீர்கள். கலக்கிய பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தயாரித்து 2 மணி நேரத்துக்குள் குடிக்காத பாலையும், குடித்து மீந்த பாலையும் கொட்டிவிட வேண்டும். மனசு வராதுதான், இருந்தாலும் கொட்டுங்கள்.

பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பால் புரையேறும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், பாட்டிலை முடிக்க வைக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். மடியில் வைத்து, கண்ணைப் பார்த்து, இடையிடையே நிறுத்திக் கொடுத்தால் அந்த நேரமும் தாய்க்கும் பிள்ளைக்குமான நேரம்தான். 6 மாதத்துக்கு முன் தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஒரு வயது வரை பசும்பாலைப் பிரதானப் பாலாகக் கொடுக்கக் கூடாது, தேனும் கூடாது.

இரண்டில் ஒன்றுதான் என்று நினைப்பது

ஒரு பாட்டில் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் தாய்ப்பாலையே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் கலந்து மாதக்கணக்கில் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர், நானும் அதில் ஒருத்தி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாட்டில் கொடுக்கிற வேளையில் பாலைக் கறந்தெடுக்காவிட்டால் சுரப்பு மெல்லக் குறையும். அது தெரிந்து முடிவெடுத்தால் சரி.

மருந்து சாப்பிடுகிறோம் என்று தாமாகவே தாய்ப்பாலை நிறுத்துவதும் இப்படித்தான். பெரும்பாலான மருந்துகளோடு பால் கொடுக்கலாம், புற்றுநோய் மருந்துகள் போன்ற சிலவற்றோடு முடியாது. எது எது என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"என்ன பால் குடுக்கிறே?"

இந்தக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்பதை நிறுத்திவிடலாம். சிலருக்குப் பழைய காயங்கள் இருக்கும், சிலருக்கு உடல்நிலை, சிலருக்கு வெறுமனே விருப்பமில்லை. காரணத்தை வாசலில் வைத்து விளக்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. அதேபோல் மூன்று வயதுக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளைப் பார்த்து "இன்னுமா?" என்பதும் வேண்டாம். "நீ தூங்கினியா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தையிடமே ஒட்டவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு.

அன்று தோழியிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். முதலாவது, நாலு கரண்டி. இரண்டாவது, என் வீட்டிலும் அந்த டப்பா இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்றாள். அந்த வாரமே போய்ச் சொன்னாள். மருத்துவர் எடையைப் பார்த்து, அளவை எழுதிக் கொடுத்து, பகலில் தாய்ப்பாலைத் தொடரச் சொன்னாராம். அடுத்த முறை நான் போனபோது டப்பா சமையலறை மேடையில், பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்தது.